நோய் பேசியது

பக்கத்துக் கட்டில் அம்மாள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: "இப்படி ஒரு நாத்தனார் கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்மா. அன்னிக்கு நீ பேசின பேச்சுக்கு வேற யாரா இருந்தாலும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க."

"நான் என்ன பேசினேன்?"

சுளையைப் பிரித்த கை நின்றது. "அட, ஒண்ணுமில்ல. காய்ச்சல் உளறல்" என்று அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேள்வி கேட்டவள் வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாட்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. காய்ச்சல் ஞாபகம் இருந்தது. தையல் மெஷினின் மிதியை அழுத்தச் சொன்னால் கேட்காத கால் ஞாபகம் இருந்தது. "ரெண்டு மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று போர்த்திப் படுத்தவளை, "காய்ச்சலை மட்டும் நம்பாதீங்க அண்ணி" என்று ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்தவள் நாத்தனார்தான். சலவைக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அன்றிலிருந்து கட்டில் காலோடு கிடக்கிறாள். ஊட்டுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, மரத்த உடம்பைப் புரட்டித் துடைப்பது எல்லாம் அவள் பாடு. முகத்தில் ஒரு சுளிப்புக் கிடையாது.

மாலையில் வந்த கணவனை அவள் விடவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"'இவ கையால எனக்குத் தண்ணி கொடுக்காதீங்க. புள்ளை காய்ச்சல்ல கொதிக்கும்போது தூங்கிச் சாகவிட்டவ'ன்னு கத்தினே. வார்டே கேட்டுச்சு. விடு, நோய் பேசினதுக்கு நீ என்ன பண்ணுவே?"

மறுநாள் டாக்டரிடம் கேட்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"மூளையிலயும் தண்டுவடத்துலயும் அழற்சி. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பு, நரம்போட உறையையே அடிச்சிருக்கு. அதான் காலும் விழுந்துச்சு, புத்தியும் தடுமாறுச்சு. நல்லவேளை சீக்கிரம் கூட்டிட்டு வந்தாங்க. அப்போ பேசினதுக்கெல்லாம் நீங்க பொறுப்பில்லம்மா."

"மனசுல இல்லாததையா பேசுவோம்?"

"சிலர் இல்லாததையும் பேசுவாங்க. சிலர் அடக்கி வச்சிருந்ததைக் கொட்டுவாங்க. உங்களுக்கு எதுன்னு எங்களால சொல்ல முடியாது."

அவளால் சொல்ல முடியும்.

நாத்தனாரின் குழந்தை காய்ச்சலில் போன மறுவாரம், அவள் இவள் மடியில் முகத்தைப் புதைத்து, "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் அண்ணி. எப்போ அடங்குச்சுன்னே தெரியல" என்று அழுதாள். கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லாதது. "யாரா இருந்தாலும் அசந்திருப்பாங்கம்மா" என்று இவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கை தடவியதே தவிர மனசு ஒட்டவில்லை. நானாக இருந்தால் தூங்கியிருப்பேனா என்று உள்ளே ஒன்று கேட்டது. எத்தனையோ வருஷமாகியும், நாத்தனார் வாய்விட்டுச் சிரிக்கிற சமயங்களில் அது எட்டிப் பார்க்கும். நல்லவள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டு இவளும் கூடச் சிரிப்பாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "பாவம், நோய்தானே" என்றார்கள். ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள். தனக்குச் சேராத பொருளைக் கைநீட்டி வாங்குவதுபோல உடம்பு கூசியது. நாத்தனார் கஞ்சிக் கரண்டியை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து சில நாட்கள் கழித்து, வாக்கரைப் பிடித்து வாசல் வரை போகும் பயிற்சி. அவளை நாற்காலியில் உட்கார்த்தி, நாத்தனார் கீழே குந்தி இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செருப்பின் வாரை விரல் இடுக்கில் நுழைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நோய்தான் பேசுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணி. நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

"ம்."

"ஆனா நான் தூங்கினது நோய்க்கு எப்படி அண்ணி தெரியும்?"

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பாமல் இருமியது. "நோய்தான்மா" என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷம் கடந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது.

"நான்..." என்றாள்.

நாத்தனார் காத்திருந்தாள். பிறகு இன்னும் குனிந்து, வாரை இழுத்துச் சரிசெய்தாள். மரத்துப்போன அந்தக் காலுக்கு எதுவும் தெரியவில்லை. பாதத்தின் மேல் இரண்டு சொட்டு ஈரம் பளபளப்பதை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.