தைத்த புத்தகத்தின் கடைசி மூன்று தாள்கள்

1.

வார இதழ் ஆசிரியர் கேட்டதில் பிறந்தது இது: "சிறுவயதில் நேசித்த புத்தகம், ஒரு பக்கம்." இனிக்க இனிக்க எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: நாவற்குடாவில் எங்கள் வீட்டு அலுமாரியில் தாழம்பூவாய் மணத்துக்கொண்டு ஒரு

(வேண்டாம். அது மணக்கவில்லை. மண்ணெண்ணெய் நாறியது.)

2.

அது கடையில் வாங்கிய புத்தகமல்ல. இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்தது. தைத்தவள் என் மாமா மகள் கண்ணகை. இருவருக்கும் பன்னிரண்டு வயது. கடைசி மூன்று வாரம் சண்டையில் பாதை மூடிக் கிடந்ததால் இதழ் வரவில்லை. நான் அழுதேன். கண்ணகை கொப்பித் தாளில் தானே முடிவை எழுதிச் சேர்த்துத் தைத்தாள். மாப்பிள்ளை கரையில் மாலையோடு நிற்கிறான். நாயகி இறங்காமலே தோணியைத் திருப்பிவிடுகிறாள்.

நான் நேசித்தது அந்த மூன்று தாள்களைத்தான்.*

* என் முதல் தொடரும் அப்படியே முடிந்தது. கடிதங்கள் குவிந்தன. பிறகு வந்த பதினேழு தொடர்களும் அந்த ஒரு முடிவின் தயவில் அச்சேறியவை.

3.

போன மாதம் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் எழுத்தாளர் கூட்டம். என் அறைக்குப் படுக்கை விரிப்போடு வந்தவள் கண்ணகை.

"என்னகா மச்சாள், அந்தப் பொட்டைய இன்னும் தோணியிலதான் வச்சிருக்கியா?"

"நீ வாசிச்சனியா?"

"ஏன், விரிப்புத் தோய்க்கிறவளுக்கு எழுத்துத் தெரியாதோ?"

"மன்னிச்சிரு கண்ணகை."

"அத நீயே வச்சிரு. ஒருக்கா என்ட பேரப் போடு, அது காணும் எனக்கு. நான்தான் எழுதினண்டு சொன்னா என்ட மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்."

"போடுறன்" என்றேன்.

(இங்கே 'என் குரல் நடுங்கியது' என்று இருந்தது. நடுங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

4.

முடிவு ஒன்று: பெயர் அச்சில் வருகிறது. மகள் வாசிக்கிறாள். சிரிப்பு நிற்கிறது.

முடிவு இரண்டு: இடம் போதாமல் ஆசிரியர் பெயர் வரும் பந்தியை வெட்டிவிடுகிறார். பழி அவருக்கு. எனக்கு இதுதான் வசதி, ஆனால் அவர் என் எழுத்தில் கை வைப்பதில்லை.

முடிவு மூன்று: 'கண்ணகை' அவளுடைய பெயரல்ல. எழுதத் தொடங்கும்போதே மாற்றிவிட்டேன். சரியான பெயரைப் போட ஒரு நிமிடம் போதும். போட்டால் இந்தப் பந்திக்கு வேலையில்லை, எடுத்துவிடுவேன்.

நீங்கள் இந்தப் பந்தியை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.