வாட்ச்மேனைத் தூங்கவைத்தவள்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் சத்தத்துக்குக் காவலாக ஒரு கருவி இருந்தது. ஒளிபரப்பில் பத்து விநாடி சத்தம் வராவிட்டால் போதும், ஏதோ கோளாறு என்று தானே முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் ஒரு சோப்பு விளம்பரத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் வாட்ச்மேன். வாசலில் இருந்த நிஜ வாட்ச்மேனாவது மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வார், இது இமைகூடக் கொட்டாது. அதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. மேலே சிவப்பு மூடி. அனுமதி இல்லாமல் அதைத் தொட்டவர் மறுநாள் வேலைக்கு வரவேண்டியதில்லை.

அந்தப் பொத்தானுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் அக்காவின் நாற்காலி. எந்த நிகழ்ச்சி எப்போது வெளியே போகவேண்டும் என்று கவனிக்கிற வேலை. இத்தனை வருஷத்தில் அந்த மூடியைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. ஆனால் தம்பி வந்து கேட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தம்பி கவிஞன். காகிதத்தில் எழுதுகிற ரகம் இல்லை. 'வெற்றுத்திரை' என்று ஒரு குழு வைத்திருந்தான். தாடிக்கார ஓவியன் ஒருவன், தகர டப்பாவில் சிலை செய்கிற ஒருத்தி, இன்னும் இரண்டு மூன்று பேர். டிவியைத் திட்டுவதுதான் அவர்களுக்குக் கலை. போன வருஷம் நடுத்தெருவில் ஒரு டிவியை வைத்துச் சுத்தியலால் உடைத்து, அதற்குக் கவிதை என்று பெயர் சூட்டினார்கள். கைதட்டலும் கிடைத்தது. உடைந்தது மட்டும் அப்பாவின் டிவி.

அப்பா அப்போது பல் பிடுங்கப் போயிருந்தார். வாயில் பஞ்சோடு திரும்பியவர், சுவரில் டிவி இருந்த இடத்தில் நாலு திருகாணியைப் பார்த்தார். அன்றைக்குத் திட்டுவதற்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. பஞ்சை எடுத்த பிறகும் மகனிடம் மட்டும் திறக்கவில்லை. வேறு டிவி வந்தது, பேச்சு வரவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. "குழாய ஒழுங்கா மூடச் சொல்லு." "மூடியாச்சுன்னு சொல்லு." நடுவில் உட்கார்ந்து தபால் பட்டுவாடா செய்தே அக்காவுக்குச் சோறு ஆறிப்போகும்.

இப்போது அதே டிவி தம்பியை விவாத நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தது. நேரலை. விருந்தாளிகள் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருக்க, ஆளுக்கு மூன்று நிமிடம் தனியாகப் பேசவிட்டு, மற்ற மைக்குகளை மூடிவைப்பது அங்கே வழக்கம்.

"அந்த மூணு நிமிஷமும் நான் பேசப்போறதில்ல அக்கா. நாள் பூரா கத்துற பெட்டிக்குள்ள சும்மா உக்காந்திருப்பேன். ஜனங்க மொதல் தடவையா ஒரு மனுஷனப் பாப்பாங்க. நீ அந்த வாட்ச்மேன மட்டும் தூங்க வச்சிரு."

"வச்சிட்டு? நாளைலேருந்து நானும் உங்ககூட வந்து டிவி ஒடைக்கவா?"

"ப்ளீஸ்க்கா."

"வீட்லதான் ஒருத்தர்கிட்ட வாயே தொறக்கறதில்லையே. அதுக்கு எதுக்குடா ஸ்டூடியோ?"

தம்பிக்குச் சுருக்கென்றது. "நானா பேசல? அவருதான..." என்று ஆரம்பித்துவிட்டு நகத்தைக் கடித்தான். அக்கா முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி நாள் சாயங்காலம் நேரலை தொடங்கியது. கோட்டு போட்ட தொகுப்பாளர் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கினார். திரை முழுக்கத் தம்பியின் முகம். வாய் மூடியே இருந்தது. வாட்ச்மேனின் விளக்கு மஞ்சளாகி மினுக்கத் தொடங்கியது. அக்காவின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் நீட்டினாள். அவன் முகத்தின்மேல் சோப்பு நுரை வந்து விழுவதை அவளால் பார்க்கமுடியாது. அதுதான் காரணம். மூடியைத் திறந்து அமுக்கினாள். விளக்கு அணைந்தது.

உடனே தொலைபேசி அலறியது.

"சத்தமே வரல, என்ன எழவு டிவி நடத்துறீங்க?"

"ரிமோட்டத் தட்டிப் பாத்துட்டேன், வயரப் புடுங்கிச் சொருகிட்டேன். எப்ப சரியாகும்?"

இன்னொருவர் தன் டிவியை அறைகிற சத்தம் போனிலேயே கேட்டது. ஸ்டூடியோவிலும் அதே கூத்து. இயக்குநர் மைக்தான் போய்விட்டது என்று தீர்மானித்து, வேறு மைக் கொண்டுவர ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலையைப் பணயம் வைத்து ஒருத்தனைக் காட்டினால், ஊரே எழுந்து பெட்டியின் முதுகைத் தட்டுகிறது. யாராவது அந்த முகத்தைப் பார்த்தார்களா? நடைவழியில் மேலாளரின் குரல் நெருங்கிவந்தது. தொலைபேசி மறுபடியும் அடித்தது.

"சத்தம் இப்ப வந்துரும் சார்" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நான்தாம்மா."

அப்பா. அவசரத்துக்கு என்று என்றைக்கோ கொடுத்துவைத்த எண். இதுவரை அவர் கூப்பிட்டதே இல்லை.

"அவன் ஏன் அப்படி முழிக்கிறான்? பல்லு கில்லு வலிக்குதா?"

"இல்லப்பா. பேசாம இருக்கிறதுதான் அவனோட கவிதை."

"கவிதை கெடக்கட்டும். ஒதடு காஞ்சுபோயிருக்கு பாரு. ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லு."

அக்கா அப்பாவின் போனை ஒரு காதில் வைத்தபடியே, ஸ்டூடியோவுக்குப் போகும் இன்னொரு போனை எடுத்தாள். "அவருக்குத் தண்ணி குடுங்க. அவங்க அப்பா குடுக்கச் சொன்னாருன்னு சொல்லிக் குடுங்க."

திரையில் ஓரத்திலிருந்து ஒரு கை தம்ளரோடு நுழைந்தது. யாரோ குனிந்து தம்பியின் காதில் சொன்னார்கள். கல் மாதிரி வைத்திருக்க அவன் பல நாள் பழகிய முகம் ஒரு நொடியில் குழந்தை முகமாகிவிட்டது.

"அப்பாவா?" என்றான்.

மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது தெளிவாக எடுத்துக்கொண்டது. தாடிக்காரன் எங்கோ ஒரு கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், கவிதையே நாசம் என்று தலையில் அடித்துக்கொண்டானாம். மற்ற வீடுகளில் சத்தம் வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்தார்களாம்.

கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார். திறந்து கிடந்த சிவப்பு மூடியைப் பார்த்தார். "யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா. திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கையை மட்டும் காட்டினாள். இங்கே பேசியது வீடுகளுக்குப் போய்ச்சேரச் சில விநாடி ஆகும். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

போனுக்குள், வீட்டு டிவியிலிருந்து, "அப்பாவா?" என்று கேட்டது. அப்பா செருமினார்.

"ஆமாடா" என்றார், போனில் இல்லை, டிவியைப் பார்த்து. "மொதல்ல தண்ணியக் குடி."