எண்பத்து நான்காம் படிக்குத் தண்ணீர்

மின்சாரம் போன வியாழக்கிழமைதான் என் தொட்டி நிரம்பியது. அது எப்படி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அம்மான் நகரத்தில் எங்கள் மலைச்சரிவுக்கு வாரம் ஒருமுறை, வியாழன் காலை ஆறிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் விடுவார்கள். தெரு என்று எங்களுக்கு ஒன்று கிடையாது. எண்பத்து நான்கு படிகள் உள்ள ஒரு கல் படிக்கட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒன்பது வீடுகள், அவ்வளவுதான். பிரதானக் குழாய் கீழே நுழைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிளை விட்டுக்கொண்டே மேலே ஏறுகிறது. கடைசிக் கிளை என்னுடையது. என் வீட்டின் முன்னறைகள் மழலைப் பள்ளி, பின்னறை எனக்கு. பதினாறு குழந்தைகள். பதினாறு குழந்தைகளுக்கு ஒரு நாளில் எத்தனை தடவை கை கழுவ வேண்டும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

கோடை தொடங்கியதிலிருந்து கூரைத் தொட்டியில் கால் பங்கு ஏறினாலே பெரிய விஷயம். அரைக் குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு குதிரைத்திறன் வாங்கி வைத்தேன். அது இன்னும் பலமாக இரைந்தது, சூடானது, காற்றைத்தான் இறைத்தது. சுகாதார ஆய்வாளர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: மூன்று வாரம் கழித்து வருவேன், அப்போதும் தொட்டி இப்படியே இருந்தால் உரிமம் ரத்து. தண்ணீர் லாரி வாங்கலாமே என்பீர்கள். லாரி கீழே நிற்கும். அதன் குழாய் முப்பதாவது படியோடு தீர்ந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழன் காலை எட்டு மணிக்கு மின்சாரம் போனது. மோட்டாரும் ஓடாது, இந்த வாரமும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்குக் குழந்தைகள் கத்தினார்கள்: "மிஸ், மழை! மழை!"

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊரில் ஏது மழை? மாடிக்கு ஓடினேன். காலித் தொட்டியின் தகரத்தில் தண்ணீர் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் நின்றுபோனது.

மோட்டார் ஓடினால் வராத தண்ணீர், மோட்டார் ஓடாவிட்டால் வருகிறது. அப்படியானால் என் மோட்டாரில் கோளாறா? சனிக்கிழமை குளிக்கும்போது தோன்றியது: அந்த மூன்று மணி நேரம் நின்றது என் மோட்டார் மட்டும் இல்லையே.

அன்று மாலை படிக்கட்டுக் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். நாற்பதாவது படியில் இருக்கும் உம்மு ஜிர்யிஸின் தையல் கடையில் கூடுவார்கள். நான்கு வருடமாக அழைக்கிறார்கள், நான் எட்டிப் பார்த்ததில்லை. பூந்தொட்டி வைப்பதும் படிக்கு வண்ணம் அடிப்பதும்தான் அவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன்.

"அடேங்கப்பா, மிஸ் ஹனாதியா!" என்றார் குழுத் தலைவர் அபூ ஸக்ர். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், இப்போதும் ஹாரன் அடிப்பது மாதிரிதான் பேசுவார். "யாராவது என்னைக் கிள்ளுங்கப்பா."

"பூந்தொட்டிக்கு ஒரு கை தண்ணி ஊத்த வாம்மான்னு கூப்பிட்டா நேரமில்லைன்னு சொன்னவதானே நீ?" என்றாள் உம்மு ஜிர்யிஸ், வாயிலிருந்த குண்டூசியை எடுக்காமலே.

"ஊத்துறதுக்கு என்கிட்ட ஏதுக்கா தண்ணி?"

"அதைச் சொல்ல இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

சொன்னேன். ஆய்வாளரின் கடிதத்தையும் காட்டினேன். சிரிப்பு நின்றது. ஆனால் மோட்டார்கள்தான் காரணம் என்றதும் ஆளாளுக்கு முகம் சுளித்தார்கள். என் மோட்டார் என் வீட்டுத் தண்ணீரைத்தானே இழுக்கிறது என்றது ஒரு குரல்.

அவர்களுக்கு நடுவில் புகை இழுக்கும் ஹூக்கா ஒன்று இருந்தது, இரண்டு குழல் வைத்தது. அபூ ஸக்ர் ஒரு குழலில் இழுக்கும்போது உம்மு ஜிர்யிஸ் தன் குழலின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள். அவள் இழுக்கும்போது அவர் மூடுவார். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பழக்கம் என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுங்க, பார்ப்போம்" என்றேன்.

இழுத்தார்கள். அபூ ஸக்ரின் மூக்கிலிருந்து புகை மேகமாக வந்தது. உம்மு ஜிர்யிஸ் இருமிக்கொண்டே குழலை வீசினாள். "என் வாயில இருந்ததையும் சேர்த்து உறிஞ்சிட்டாரு இந்த மனுஷன்!"

"நான்தான் அக்காவோட குழல்" என்றேன். "மோட்டார் தண்ணியை உண்டாக்காது. குழாய்ல வர்றதைத் தன் பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். கீழ இருக்குற எட்டு மோட்டாரும் இழுத்தா குழாய்ல அழுத்தமே இருக்காது. எனக்குக் காத்துதான் மிஞ்சும். உடனே நான் பெருசா ஒண்ணு வாங்குறேன். அதனால உம்மு ஜிர்யிஸுக்குக் குறையுது, அவங்க அதை விடப் பெருசு வாங்குறாங்க. போன வியாழன் யாருமே இழுக்கல. தண்ணி அதுபாட்டுக்கு எண்பத்து நாலு படியும் ஏறி வந்துடுச்சு."

அபூ ஸக்ர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அடுத்த வியாழன் யாரும் மோட்டார் போடக்கூடாது என்று தீர்மானம் எழுதச் சொன்னார். எங்களில் பெரும்பாலும் ஒரு தள வீடுகள். மோட்டார் இல்லாமலே கூரைக்கு ஏறும். நோட்டு என் கைக்கு வந்தது. குழுவின் செயலாளராக நான் ஆனது இப்படித்தான். யாரும் ஓட்டுப் போடவில்லை.

அடுத்த வியாழன் எட்டு வீடுகள் மோட்டாரை நிறுத்தின. என் தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. முதல் படியில், அபூ முஃதஸ்ஸின் நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்று குதிரைத்திறன் மோட்டார் பகல் முழுக்க உறுமியது. அவர் கூட்டத்துக்கும் வருவதில்லை, தீர்மானத்துக்கும் கட்டுப்படவில்லை. அந்த வாரம் குழந்தைகள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் வேறு பள்ளிக்கு மாறிவிட்டார்கள். எனக்கு மிச்சம் ஒரே ஒரு வியாழன்.

"திருடன்னு அவன் சுவத்துல எழுதுவோம்" என்றாள் உம்மு ஜிர்யிஸ்.

"எழுதினா அஞ்சு குதிரை வாங்குவான்" என்றார் அபூ ஸக்ர். "முறையா போவோம். பெண் கேக்கப் போற மாதிரி."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போனோம். அபூ ஸக்ர் கல்யாணத்துக்குப் போடும் கறுப்பு மேலங்கியில், உம்மு ஜிர்யிஸ் தேவாலயத்துக்குப் போடும் பட்டுச் சட்டையில், கையில் நோட்டோடு நான். அபூ முஃதஸ் காபி ஊற்றிக் கொடுத்தார். மூவரும் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் தரையில் வைத்தோம். எங்கள் ஊரில், கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லும்வரை வந்தவர்கள் குடிக்கமாட்டார்கள். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அவமானம்.

அபூ முஃதஸ் கோப்பைகளைப் பார்த்தார். "என் வீட்டுல கல்யாண வயசுல யாருமில்லையே."

அபூ ஸக்ர் தொண்டையைச் செருமினார். "பெரிய குடும்பத்து வாசலுக்கு வந்திருக்கோம். உங்க மோட்டாரைக் கேட்டு வந்திருக்கோம்."

உம்மு ஜிர்யிஸ் சிரிப்பை அடக்கச் சட்டைக் கை நுனியைக் கடித்தாள். அபூ முஃதஸ் சிரிக்கவில்லை.

"காபியைக் குடிங்க. மோட்டார் கிடையாது. நாலாவது மாடியில என் மக இருக்கா, பிரசவம் ஆகி இருபது நாள். மோட்டாரை நிறுத்தினா என் தண்ணி ரெண்டாவது மாடியோட நின்னுடும். மிஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கை கழுவணும், சரி. என் பேரனைக் குளிப்பாட்ட வேண்டாமா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவருக்கு மோட்டார் இல்லாமல் முடியாது. அது தெருக்குழாயில் வாயை வைத்திருப்பதுதான் தொந்தரவு. மோட்டாரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். முற்றத்துக்குக் கூட்டிப்போனார். எலுமிச்சை மரத்தடியில் மோட்டார், அதற்குப் பக்கத்தில் பழைய டயர்களுக்கு அடியில் ஒரு வட்ட இரும்பு மூடி.

"அது என்னங்க?"

"அப்பா காலத்துக் கிடங்கு. மழைத்தண்ணி பிடிக்க வெட்டினது. வாரா வாரம் குழாய்ல வர ஆரம்பிச்சதும் விட்டுட்டோம்."

மூடியைத் திறந்தோம். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்கு, பூச்சு உதிராத சுவர். உள்ளே சருகும், ஒரு உடைந்த தொட்டிலும்.

"தண்ணி அதுவா இதுக்குள்ள விழட்டும்" என்றேன். "மோட்டார் இதுலேருந்து மாடிக்கு ஏத்தட்டும். வியாழக்கிழமைதான்னு இல்ல, எந்த நாள் வேணும்னாலும் போட்டுக்கலாம். உங்க மக நடு வாரத்துலயும் பேரனைக் குளிப்பாட்டலாம்."

அவர் குனிந்து கிடங்குக்குள் பார்த்தார். "யாரு கழுவுறது இதை?"

"ஒன்பது வீடு இருக்குல்ல" என்றாள் உம்மு ஜிர்யிஸ்.

"காபி ஆறிடுச்சு" என்றார் அபூ முஃதஸ். "வேற போடச் சொல்றேன். இந்தத் தடவை குடிச்சுட்டுப் போங்க."

சனிக்கிழமை படிக்கட்டே அந்த முற்றத்தில் இருந்தது. வாளி, துடைப்பம், சுண்ணாம்பு, கூடவே எழுபதாவது படி வீட்டிலிருந்து ஒரு அண்டா பருப்பு சூப். நான்கு வருடமாக முகம் மட்டும் தெரிந்த பலரின் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழன் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. கிடங்கில் அருவி மாதிரி விழுந்தது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஏழு, எட்டு. என் கூரைத் தொட்டியில் காது வைத்திருந்த அபூ ஸக்ர் மேலிருந்து கத்தினார்: "ஒண்ணுமில்ல!"

முதல் படியில் உட்கார்ந்து யோசித்தேன். கீழே விழ இவ்வளவு பெரிய வாய் திறந்திருக்கும்போது தண்ணீர் ஏன் மேலே ஏறும்? நான்தான் மோட்டாருக்குப் பதில் ஒரு பள்ளத்தை வைத்திருக்கிறேன். மோட்டாரைவிடப் பேராசைக்காரப் பள்ளம்.

"கிடங்குக் குழாயோட வால்வை மூடுங்க" என்றேன். "முழுசா இல்ல. கால் சுத்து மட்டும் திறந்து வைங்க."

"கால் சுத்துல இது எப்ப நிறையும்?" என்றார் அபூ முஃதஸ்.

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே. எனக்குத்தான் இல்ல."

அவர் குனிந்து, மெதுவாகத் திருகினார். அருவி ஒரு விரல் பருமனான ஒழுக்காக மாறியது. காத்திருந்தோம். முதலில் உம்மு ஜிர்யிஸ் தன் கடை வாசலிலிருந்து, "எனக்கு வந்துடுச்சு!" என்றாள். அடுத்து ஐம்பதாவது படி, பிறகு எழுபதாவது. ஒவ்வொரு வீடாகக் குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மேலேயிருந்து பதினான்கு குழந்தைகளின் கத்தல் இறங்கி வந்தது: "மழை! மழை!"

பன்னிரண்டு மணிக்கு என் தொட்டி நிரம்பி, அதன் மிதவை வால்வு தானாக மூடிக்கொண்டது. நான்கு மணிக்கு அபூ முஃதஸ்ஸின் கிடங்கில் ஓர் ஆள் ஆழத் தண்ணீர். திங்கட்கிழமை ஆய்வாளர் மூடியைத் திறந்து, மூடி, கையெழுத்துப் போட்டார்.

நோட்டில் இப்போது இருப்பது இதுதான்: எந்த மோட்டாரும் தெருக்குழாயிலிருந்து நேராக இழுக்கக்கூடாது. மாடி வைத்தவர்கள் தண்ணீரைத் தரைக்கிடங்கில் விட்டு, அங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம். கிடங்கின் வால்வு கால் சுற்றுக்கு மேல் திறக்கக்கூடாது.