பாதிப் பூ இல்லாத தட்டு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரி மலருக்குக் கதை தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கையில் கதை இல்லை. சித்தப்பாதான் இருந்தார்.

முதல் தொடக்கம்: நீலம் என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு— (வேண்டாம். நிறம்தான்.)

இரண்டாம் தொடக்கம்: பல் டாக்டரான என் சித்தப்பா, கூடத்துச் சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்து, பதினொன்றில் பழைய இங்கிலீஷ் பீங்கான் தட்டுகளை மாட்டியிருக்கிறார். (இது தேறும்.)

எல்லாத் தட்டிலும் ஒரே நீலப் படம். ஒரு பாலம், இரண்டு மாடு, ஒரு தூண்டில்காரர். அவர் நூற்றைம்பது வருஷமாகத் தூண்டில் போட்டும் ஒரு மீன் சிக்கவில்லை. சித்தப்பா பன்னிரண்டாவது தட்டை ஆறு வருஷமாகத் தேடுகிறார். பொறுமையில் இரண்டு பேரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

2

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

செம்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, தட்டில் ஒட்டித் தேய்த்து, காகிதத்தைக் கழுவிவிடுவார்கள். படம் மட்டும் தட்டில் நிற்கும். ஓரத்துப் பூமாலைக்குத் தனிக் காகிதம். அதை வெட்டி ஒட்டியவர்களுக்கு அன்று என்ன அவசரமோ, மாலை சுற்றிவந்து முடியும் இடத்தில் ஒரு பூ பாதியோடு நிற்கும். தட்டு அசல் என்பதற்குச் சித்தப்பாவுக்கு அந்தப் பாதிப் பூதான் சாட்சி. பூ முழுசாக இருந்தால் அவருக்குச் சந்தேகம்.*

(* பல் பார்க்கும் பூதக்கண்ணாடியாலேயே தட்டையும் பார்ப்பார். கழுவிவிட்டுத்தான் என்கிறார். எதைப் பார்த்த பிறகு கழுவுகிறார் என்று நான் கேட்கவில்லை.)

"போலி" என்று முகத்துக்கு நேரே சொல்வதில் பேர் வாங்கியவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த நீலக் கூஜாவைப் பார்த்து அப்படித்தான் சொன்னார். பதினைந்து வருஷ நட்பு கூஜாவோடு படியிறங்கிப் போனது.

சித்தி கணக்கு டீச்சர். "சாப்பிடாத தட்டுக்கு எதுக்குங்க இத்தனை சீராட்டு?" என்பாள்.

3

சித்தப்பாவின் பிறந்தநாள் காலை. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைச் சித்தி நீட்டினாள்.

பாலம். இரண்டு மாடு. தூண்டில்காரர்.

"எட்டு மாசம் அலைஞ்சேன். ஸ்கூல் பஸ் டிரைவர்கிட்டகூட சொல்லி வெச்சேன்" என்றாள், மூச்சு வாங்க. "பன்னெண்டு ஆச்சா? இனிமே அந்தக் காலி ஆணி என்னை முறைக்காது."

சித்தப்பா பூதக்கண்ணாடியை எடுத்தார். தட்டைச் சுற்றினார். இன்னொரு தரம் சுற்றினார். மாலை அழகாக, அநியாயத்துக்கு அழகாகச் சேர்ந்திருந்தது. பாதிப் பூ இல்லவே இல்லை.

படியிறங்கிய நண்பரின் முதுகு அவருக்கு ஞாபகம் வந்தது. பொய் சொன்னால் தினமும் அந்தத் தட்டின் முகத்தில் விழிக்க வேண்டும். உண்மை சொன்னால் சித்தியின் முகத்தில்.

"என்னங்க, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

"டேய்," என்றார் என்னிடம், "போய்க் காபி போடு."

(வாசகரே, கதை என் கையை விட்டுப் போனது இங்கேதான். நான் காபி போடப் போய்விட்டேன்.)

4

முடிவு அ: "அசல்தான்மா" என்கிறார். ஆணியில் மாட்டுகிறார். தூண்டில்காரர் வெட்கத்தில் தலை— (அவரை இழுக்காதே.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறார். சித்தியின் கண்ணீர் தட்டில் சிந்தி, நீலம் இன்னும்—

இதைச் சித்தி என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்காக, சித்தி."

"கதைக்கு வேணும்னா நீ அழு."

"சரி, அன்னைக்கு அவர் என்னதான் சொன்னார்?"

"அது எங்களுக்குள்ள."

சித்தப்பாவிடம் கேட்டேன். "எங்க, நல்லா ஆ காட்டு" என்றார். வேண்டாத பேச்சை அவர் முடிப்பது அப்படித்தான். எனக்குக் கடைவாயில் சொத்தையாம்.

5

ஆகவே, கண்ணால் கண்டது மட்டும்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, துடைத்துவிட்டு நான் திரும்பியபோது பன்னிரண்டாவது ஆணி காலியாகவே இருந்தது. புதுத் தட்டு சாப்பாட்டு மேஜையில். அதில் ரொட்டி. ஆளுக்கொரு பக்கமாக இருவரும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் ஜாம்.

"தேடுங்க, தேடுங்க" என்றாள் சித்தி, சிரிப்பில் புரையேறி. "எனக்குச் சாப்பிடத் தட்டு கிடைச்சாச்சு."

ஆக, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த வார்த்தையில்?

அடுத்த வாரம் சித்தப்பா அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குப் போய், அதே கூஜாவில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அங்கேயும் அதே வார்த்தைதான் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கேயும் நான் இல்லை.

மூன்றாம் பகுதியும் ஐந்தாம் பகுதியும் சரியாகச் சேரவில்லை என்று பூதக்கண்ணாடி எடுப்பவர்களுக்கு: ஆமாம், அங்கே பாதிப் பூதான். இடம் விட்டிருக்கிறேன்.

சித்தப்பா சொன்னார்: "[                    ]"

நிரப்பிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். வீட்டில் ஒரு தரம் சொல்லிப் பார்த்த பிறகு அழிக்க வேண்டிவரலாம்.