இருபத்து மூன்றும் நாற்பதும்

அன்று காலை அவனுடைய மனைவி போன் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பல்சக்கரமும் பாஸ் ஆகிப் பச்சைத் தட்டுக்குப் போயிருக்கும். கம்பெனியில் அவனை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தலைமுடியை எழுபது கூறாகக் கிழித்தால் வரும் ஒரு கூறுதான் மைக்ரான். அந்த அளவில் குறை கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"உங்க தங்கச்சிக்குப் போட்டேன், எடுக்கல. எட்டு மாசமா எடுக்காதவ இன்னைக்கு எடுத்துடுவாளாக்கும்," என்றாள் மனைவி. "சரி விடு" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் சுற்றில் சாதுவாக நின்ற முள், இரண்டாவது சுற்றில் துள்ளியது.

போனை வைத்தான்.

அந்தக் கருவி எளிமையானது. இரண்டு அச்சு. ஒன்றில் மாஸ்டர்: குறையே இல்லாமல் செய்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் பூட்டி வைக்கிற சக்கரம். மற்றதில், மெஷினில் வெட்டி வந்த சக்கரம். ஒரு ஸ்பிரிங் இரண்டையும் பல்லோடு பல் நெருக்கிப் பிடிக்கும். கையால் மெல்லச் சுற்றினால், எந்தப் பல்லிலாவது மேடு இருந்தால் சக்கரங்கள் அந்த இடத்தில் விலகும். எவ்வளவு விலகின என்று டயல் முள் காட்டும். முள் அலைபோல ஏறி இறங்கினால் சக்கரம் மையம் தப்பி வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே பல்லில் வெடுக்கென்று துள்ளினால் அந்தப் பல் அடிபட்டிருக்கிறது. வெட்டியவர் அதைத் தட்டில் போட்ட லட்சணம் அப்படி. இதில் இரண்டாம் பேச்சே கிடையாது. கண் பொய் சொல்லும், முள் சொல்லாது என்பான் அவன்.

துள்ளிய பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மறுபடி சுற்றினான். கோடு போட்ட பல் பேசாமல் கடந்து போனது. வேறொரு பல்லில் முள் துள்ளியது. அதிலும் கோடு போட்டான். அடுத்தது இன்னொரு பல்லில். வெட்டிய சக்கரத்தில் காயம் என்றால் எத்தனை முறை சுற்றினாலும் அதே பல்லில்தானே துள்ள வேண்டும்? எண்ணிக்கொண்டே சுற்றினான். ஒரு துள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக நாற்பது பல். வெட்டிய சக்கரத்துக்கு இருபத்து மூன்று பல்தான். நாற்பது, மாஸ்டருக்கு.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மாஸ்டரின் ஒரு பல் ஓரத்தில் பொட்டுப்போல ஏதோ மின்னியது. அந்தப் பெட்டியின் சாவி அவனிடம் மட்டும்தான் உண்டு. எங்கே இடித்தான், எப்போது இடித்தான், எதுவும் நினைவில் இல்லை.

வெட்டிய சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். ஒரு சுற்றில் மாஸ்டரின் இருபத்து மூன்று பற்கள் வந்து தொடும். அடிபட்ட பல் அவற்றில் ஒன்றானால் ரிஜெக்ட். தொடாத பதினேழில் ஒளிந்துகொண்டால் பாஸ். ஒரே மெஷின், ஒரே கட்டர், ஒரே கை, ஆனால் ஒன்று நல்லது, ஒன்று சொத்தை. பார்க்கிற யாருக்கும் அது வெட்டியவரின் கவனக்குறைவாகத்தான் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பு வெட்டியவர், அவன் தங்கையின் கணவர்.

வேலை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். "மச்சான் பாஸ் போடுவாரு, மாப்ள சம்பளம் வாங்குவாரு" என்று கேன்டீனில் எவனோ சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து, மாப்பிள்ளையின் சக்கரம் எதையும் அவன் இரண்டாம் முறை சுற்றிப் பார்த்ததில்லை. ரிஜெக்ட் கூடக்கூட, மாப்பிள்ளை தன் செலவில் ரப்பர் விரிப்பு வாங்கித் தட்டில் போட்டார். "முட்டைய வைக்கிற மாதிரி வைக்கிறேன் மச்சான். இன்னும் என்ன, தாலாட்டுப் பாடணுமா?" என்றார். "முள்ளு சொல்லுது மாப்ள, நான் சொல்லல," என்றான் அவன்.

கடைசியில் மாப்பிள்ளை, ரிஜெக்ட் ஆன சக்கரம் ஒன்றில் அடையாளத்துக்கு உள்பக்கம் புள்ளி குத்தி, ரிஜெக்ட் என்று அவன் பூசிய சிவப்புப் பெயிண்டைத் துடைத்து, அடுத்த தட்டில் கலந்து அனுப்பினார். அது பாஸ் ஆனது. "பாருங்க மச்சான், நீங்க ஒதுக்குனதையே நீங்க பாஸ் போட்டிருக்கீங்க," என்று அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். சிவப்பைத் துடைப்பது அந்தத் தொழிலில் மன்னிப்பே இல்லாத குற்றம். அவன் அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். மறுநாள் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. அந்த மாஸ்டர் தேவைப்படுகிற ஒரே ஆர்டரும் அதோடு நின்று, எட்டு மாதம் கழித்து இன்றுதான், வேறு ஆள் கையால், திரும்ப வந்திருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லவேளை, கெட்டது எதுவும் வெளிய போகல. புது மாஸ்டருக்குச் சொல்லிடறேன். இதோட விடுங்க."

"மாப்பிள்ளைக்கு வேலை போச்சே சார்."

"பல்லுக்காகவா போச்சு? பெயிண்டத் துடைச்சதுக்குப் போச்சு. துடைச்சாரா, இல்லையா?"

"துடைச்சார்."

"அப்புறம் என்ன. எழுதித்தான் தருவேன்னா தாங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க. உங்க இடத்துக்கு நான் வேற ஆள் பாக்கணும், அவ்வளவுதான்."

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் வா என்று சொல்லவில்லை, சாத்தவும் இல்லை. மாப்பிள்ளைக்கு இப்போது ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. இடுப்பில் பட்டை கட்டிச் சுவரில் சாய்ந்திருந்தவர், அவனைக் கண்டதும் கையூன்றி எழப் பார்த்தார். "இருங்க மாப்ள," என்றான்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு வட்டம் போட்டான். வட்டம் விழுந்ததும் வாய் திறந்துகொண்டது. இருபத்து மூன்று, நாற்பது, ஒரு சுற்று, இரண்டாவது சுற்று என்று அவன் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை முன்னுக்கு நகர்ந்து வந்தார்.

"அப்போ பதினேழு பல்லு கிட்டயே வராது."

"வராது. அடுத்த கியருக்குத்தான் வரும்."

"அதான் அன்னைக்கு நான் திருப்பி அனுப்புனப்போ..."

"அதேதான் மாப்ள. அதேதான்."

தான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"வட்டம் கிட்டமெல்லாம் இருக்கட்டும்," என்றாள் தங்கை. "இவர் வெட்டுனது நல்லதா, கெட்டதா?"

"நல்லது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"மொதல்ல இவருக்கு உன் மேலதான் கோவம். அப்புறம், மச்சான் தப்பாப் பாக்க மாட்டாரு, என் கைதான் சரியில்லன்னு ஆரம்பிச்சாரு. இன்னைக்கும் ஒரு டம்ளரக் கீழ வைக்கணும்னா கையப் பாத்துப் பாத்துத்தான் வைக்கிறாரு." அவள் குரல் உயரவில்லை. "இத ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டியாண்ணா?"

"எழுதினா என் வேலை..." என்று ஆரம்பித்தான்.

அவள் தாளை எடுத்து வட்டங்கள் அடியில் போகும்படி திருப்பி மேசைமேல் வைத்தாள். அதன் மேல் அவனுடைய பேனாவை வைத்தாள். விடு, அவருக்கும் குடும்பம் இருக்கு என்று மாப்பிள்ளை சொல்வார் என எதிர்பார்த்து அவன் நிமிர்ந்து பார்த்தான். மாப்பிள்ளை தன் உள்ளங்கைகளை விரித்து, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையின் ஒரு கால் குட்டை. பேனா தாளைத் தாண்டி ஓரத்தை நோக்கி மெல்ல உருண்டது. மூன்று பேரும் அதைக் கவனித்தார்கள். யார் கையும் நீளவில்லை.