பிரித்துப் பார்த்த உடை

மாப்பிள்ளை அந்த உடையைக் கட்டிங் மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான்.

"எங்கம்மா கல்யாணத்துக்குப் போட்டது அத்தை. முப்பது வருஷம் ஆச்சு, பெட்டியில சும்மா கிடக்குது. இவளுக்கு அளவு மாத்திக் குடுத்தீங்கன்னா புதுசு வாங்கவே வேண்டாம்."

தையல்காரி "ம்" என்றாள். துணியை விரலால் தடவினாள். வெண்ணெய் நிறப் பட்டு. முப்பது வருஷம் பெட்டியில் கிடந்த பட்டு விரலுக்கு இப்படி வழுக்காதே என்று நினைத்தாள். பக்கத்தில் மகள் பூரித்துப்போய் நின்றதால் வாயைத் திறக்கவில்லை.

மகளுக்கு நகராட்சிக் குப்பைக் கிடங்கில் எடைமேடை வேலை. லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்து லாரி அவள் கண் முன்னால் கொட்டியது. வாடாத பூ, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், கை வைக்காத சாப்பாடு, நடுவில் தெர்மாகோலில் வெட்டிய இரண்டு பெயர்கள். "அந்தப் பொண்ணு பேரு சேத்துக்குள்ள மல்லாந்து கிடந்துதும்மா" என்று வீட்டுக்கு வந்து சொன்னவள், அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள். தன் கல்யாணத்திலிருந்து அந்த மேடைக்கு ஒரு லாரியும் வரக் கூடாது.

அதற்கேற்றபடி எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பூங்காவை ஒட்டிய திறந்த கூடத்தில் பகல் கல்யாணம், விளக்கு வேண்டாம். பூவுக்குப் பதில் நாற்றுப்பண்ணையிலிருந்து வாடகைத் தொட்டிச் செடிகள். அழைப்பிதழ் கிடையாது, நேரில் போய் அழைப்பது. எத்தனை பேர் என்று உறுதியான பிறகுதான் சமையல். மீந்துபோன தோலும் தண்டும் பண்ணையின் உரக்குழிக்கு.

இதெல்லாம் தையல்காரிக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் போனது மாப்பிள்ளையின் வேகம். மேசை விரிப்பு வேண்டும் என்றால், "எங்க வீட்ல பன்னிரண்டு இருக்கு அத்தை" என்றான். எவர்சில்வர் தட்டு என்றால், "இருக்கு." மேசையில் வைக்கக் கண்ணாடி ஜாடி என்றால், "இருக்கு, நாற்பது." தாயும் மகனும் மட்டும் இருக்கிற வீடு. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், அம்மா நூலகத்தில் இருக்கிறாள். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு விரிப்பு எதற்கு? யாருக்காக வாங்கி வைத்தார்கள்?

அவளுக்குச் சந்தேகப்படுவது பிறவிக் குணம் அல்ல. பதினோரு வருஷத்துக்கு முன் கணவனின் சட்டையில் ஒரு பொத்தான், அவள் போடாத முடிச்சோடு தைத்திருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவள் இரண்டாவது வீட்டு வாசலில் போய் நின்றாள். அன்றிலிருந்து அவள் மனுஷர்களின் பேச்சைவிடத் தையலைத்தான் நம்பினாள்.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உடையை உட்புறம் திருப்பினாள். ஜிப் இப்போது வருகிற ரகம், மூடினால் வெளியே தெரியாதது. உள்ளே துணி பிசிறாமல் இருக்க மெஷினில் அடித்த ஓரம். அக்குளில் வியர்வைக் கறை இல்லை, கழுத்தில் பவுடர் படியவில்லை. கீழ் மடிப்பில், அளவு பார்க்கப் போடுகிற தற்காலிக நூல் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

"முப்பது வருஷமாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "மூணு வருஷம்கூட ஆகலடா உனக்கு."

டேப்பை வைத்து அளந்தாள். மகளைவிட நான்கு அங்குலம் குட்டையான பெண். இடுப்பு கொஞ்சம் கனம். இடது தோளில் மட்டும் உள்ளே ஒரு மெல்லிய பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு தோள் இறக்கம்.

ஆக, மாப்பிள்ளைக்கு வேறொருத்தியோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. விரிப்பு, ஜாடி, தட்டு, உடை எல்லாம் அவளுக்காக வாங்கியவை. நின்றுபோன கல்யாணத்தை மிச்சம் மீதியில்லாமல் இவள் தலையில் கட்டுகிறான். அதற்குப் பெயர் சுற்றுச்சூழல்!

மகள் வேலையிலிருந்து வந்ததும் சுற்றி வளைத்துப் பேச்செடுத்தாள். "அவனுக்கு இதுக்கு முன்னால ஏதாவது பேசி முடிச்சிருந்தாங்களா?"

மகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஆரம்பிச்சிட்டியா? போன வாரம் செடி வாடகைக்கு எடுத்ததுல சந்தேகம். இந்த வாரம் அவன்மேலயா?"

"அந்த உடை புதுசுடி."

"உனக்கு எதை எடுத்தாலும் ஓட்டைதான் தெரியும். அப்பா பண்ணதுக்கு ஊர்ல உள்ள ஆம்பளை எல்லாரும் பதில் சொல்லணுமா?"

அடுத்த நாள் தையல்காரி கடைக் கதவைச் சாத்திவிட்டு நேரே நூலகத்துக்குப் போனாள்.

சம்பந்தியை அவள் அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தாள். இரண்டு முறையும் சம்பந்தி சால்வை போர்த்தியிருந்தாள், அதிகம் பேசாதவள். இப்போது சால்வை நாற்காலியில் தொங்கியது. அவள் சின்ன ஏணியில் ஏறி மேல் தட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். குட்டை உருவம். கையை உயர்த்தியபோது இடது தோள் ஒரு விரல்கடை இறங்கி நின்றது.

தையல்காரிக்கு உடைக்குள் இருந்த பஞ்சுத் திண்டு ஞாபகம் வந்தது. கேட்கக் கொண்டுவந்த கேள்வியெல்லாம் எங்கோ போய்விட்டது.

"வாங்க சம்பந்தி. என்ன, திடீர்னு?" என்று அவள் இறங்கி வந்தாள்.

"அந்த உடை உங்களுக்குத் தைச்சது" என்றாள் தையல்காரி. "உங்க முதல் கல்யாணத்துக்கு இல்ல."

சம்பந்தி உடனே சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, புத்தகம் ஒட்டுகிற பின்னறைக்கு அவளைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டரை வருஷம் ஆச்சு. அவர் டிராம் ஓட்டுறவர். மனைவி தவறினவர். இங்க புத்தகம் எடுக்க வருவார். பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு நாற்பது பேருக்குச் சாப்பாடு போடலாம்னு நினைச்சோம். விரிப்பெல்லாம் நானே ஓரம் அடிச்சேன்."

"அப்புறம்?"

"எம் பையன் நாலு நாள் சாப்பிடல. 'அப்பா போய் அஞ்சு வருஷம்தான் ஆச்சு, உனக்கு வெக்கமா இல்லையா'ன்னு கேட்டான். ஒரு தடவைதான் கேட்டான். அதுவே போதுமா இருந்துச்சு." அவள் பசை டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "இப்ப அந்தச் சாமானெல்லாம் வீணாகுதேன்னு அவன் எடுத்துக் குடுத்தப்போ, சரின்னுட்டேன். உங்க பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. நல்ல பிள்ளை அவன்."

"அவர் இப்ப எங்க?"

"வியாழக்கிழமை வருவார். புத்தகத்தைக் குடுப்பார், வேற எடுப்பார். ஒரு நாள்கூடத் தவணை தாண்டினதில்ல."

வழியெல்லாம் தையல்காரிக்கு மனசு ஆறவில்லை. தான் சந்தேகப்பட்டது பொய்யாகிப்போனதே என்று நிம்மதி வர வேண்டும். வரவில்லை. வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். பெற்றவளை ஒரே வார்த்தையில் உட்கார வைத்தவன், கட்டிக்கொள்பவளை என்ன செய்ய மாட்டான்?

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவளின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் அவள் வீட்டுக்குத் திரும்பாமல் எடைமேடைக்குப் போனாள். மகள் கண்ணாடிக் கூண்டுக்குள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். தையல்காரி ஒன்று விடாமல் சொன்னாள். மகளின் கை டப்பாவிலேயே நின்றது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் எடையைக் குறித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்டயும் முப்பது வருஷம்னுதான் சொன்னான்."

"ஆமா."

"சாயங்காலம் அவனை நம்ம கடைக்கு வரச் சொல்றேன். நீ உள்ளயே இரு. நடுவுல பேசக் கூடாது."

சாயங்காலம் அவன் வந்தான். உடை மேசைமேல் உட்புறம் வெளியே தெரியக் கிடந்தது. அதைப் பார்த்ததுமே அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"இது யாரோடது?" என்றாள் மகள்.

அவன் வெகுநேரம் துடைத்தான். "அம்மாவோடது. அது பொய்யில்ல."

"எதுக்குத் தைச்சது?"

"...அப்ப எனக்கு ஏதோ ஆயிடுச்சு. ஊர் சிரிக்குமேன்னு பயம். அம்மா சரின்னு சொன்னதும் அப்படியே விட்டுட்டேன். அப்புறம் அதைப் பத்திப் பேச வாயே வரல. நீ போட்டுக்கிட்டா அது நல்ல காரியத்துக்கு ஆயிடும்னு நினைச்சேன்."

"எனக்குப் போட்டுவிட்டா உனக்குக் கணக்கு முடிஞ்சிடுமா?" மகளின் குரல் உயரவில்லை. "நான் போடமாட்டேன். நீயே எடுத்துட்டுப் போய் உங்கம்மாகிட்டக் குடு. என்ன சொன்னியோ அதுக்கு நீதான் பதில் சொல்லணும். அதுவரைக்கும் யாரையும் அழைக்கப் போகவேண்டாம்."

உட்புறம் திருப்பிய உடையை அவனுக்கு மடிக்கத் தெரியவில்லை. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த தையல்காரி எழுந்துபோய் உதவவில்லை. அவன் அப்படியே சுருட்டி மார்போடு அணைத்து எடுத்துப்போனான்.

ஒன்பது நாள் எந்தச் செய்தியும் இல்லை. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். தையல்காரிதான் இரண்டு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள்.

பத்தாம் நாள் சம்பந்தியே கடைக்கு வந்தாள். கையில் அதே உடை. அவள் கண் வீங்கியிருந்தது, ஆனாலும் சால்வை போடாமல் வந்திருந்தாள்.

"இடுப்புல அரை அங்குலம் விட்டுக் குடுங்க. பிள்ளைங்க கல்யாணத்துக்குப் போட்டுக்கறேன்." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "சமையலுக்கு ஆள் எண்ணும்போது இன்னும் ஒருத்தரைச் சேத்துக்கோங்க. எம் பையனே டிராம் டிப்போவுக்குப் போய் அழைச்சிட்டு வந்தான்."

"அவனா போனானா, நீங்க அனுப்பினீங்களா?"

சம்பந்தி சிரித்துவிட்டாள். "நீங்க விடமாட்டீங்க. அவனாத்தான் போனான். ரெண்டு தடவை. முதல் தடவை வாசல்லேர்ந்தே திரும்பிட்டானாம்."

கல்யாணம் மூன்று வாரம் தள்ளி நடந்தது. மகள் தன்னிடம் இருந்த நீல உடையையே போட்டுக்கொண்டாள். கழுத்தை மட்டும் தையல்காரி மாற்றிக் கொடுத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தையல்காரி மாப்பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் டிராம் ஓட்டுநருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். தட்டு கொண்டுவந்து வைத்தான். காது சிவந்திருந்தது. வைத்துவிட்டு ஓடிவிடுவான் என்று நினைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். அந்த மனுஷர்தான் கடைசியில் உப்பைக் கேட்டார்.

மகள் பக்கத்தில் வந்து நின்று தாயின் பார்வை போகிற திசையைக் கவனித்தாள்.

"இன்னும் நம்பிக்கை வரலையா?"

"பாதி வந்திருக்கு."

"எனக்கும் அவ்வளவுதாம்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டு, உப்பை எடுத்துக்கொண்டு அந்த மேசையை நோக்கி நடந்தாள்.