நடந்துபோன வாஷிங் மெஷின்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் சுமை தூக்குகிற நெட்டையனுக்குத் தன் வீட்டுக் குளியலறைக் கதவின் அகலம் தெரியாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஊரார் வீட்டு பீரோவைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கதவில் எந்தப் பக்கம் சாய்த்து நுழைக்கலாம் என்று சொல்லிவிடுவான். சொந்த வாஷிங் மெஷினைப் புது வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தால், குளியலறை வாசலில் மூன்று விரல்கடை இடம் போதவில்லை. இரண்டு மாதம் அது கூடத்து நடுவில் துணி மடிக்கும் மேசையாக நின்றது.

"ஊருக்கெல்லாம் வீடு மாத்துற மகாராசன், சொந்த வீட்டுல ஒரு பெட்டியை உள்ள தள்ள முடியலை" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவன் மானத்தை வாங்கினாள். கடைசியில் பழைய சாமான் விற்கிற ஆப்பில் போட்டுவிடுவதென்று முடிவானது.

விளம்பரம் போடுவதிலும் அவன் தொழில் புத்தி போகவில்லை. கம்பெனியில் ஒரு பொருளைத் தொடுவதற்கு முன்னால், ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல் எல்லாவற்றிலும் காகித டேப் ஒட்டிப் படம் எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் போகிற இடத்தில் எல்லாப் பழியும் தூக்கியவன் தலையில் விழும். அதே மாதிரி மெஷினைச் சுற்றி வந்து ஏழு இடத்தில் டேப் ஒட்டினான்.

"விக்கப் போறியா, இல்ல போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பப் போறியா?" என்றாள் மனைவி.

ஏழு படங்களையும் போட்டு, அடியில் ஒரே வரி எழுதினான்: 'நல்லா ஓடும்.'

வாங்கியது பெண்களுக்கான சலூன் நடத்தும் அம்மா. துண்டு துவைக்க வேண்டும் என்றாள். வந்து பார்த்தாள். கூடத்தில் குழாய் இல்லாததால் ஓட்டிக் காட்ட வழியில்லை. "பழைய வீட்டுல கடைசி நாள் வரைக்கும் ஓடுச்சும்மா" என்றான். அது உண்மை. அவளும் டேப் ஒட்டிய இடங்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தாள். அவளுக்கு ஆள்கூலி மிச்சமாகட்டும் என்று நெட்டையனே தன் கூட்டாளி குள்ளனோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் இறக்கினான்.

சலூன் மாடியில். ஐந்தாவது படியில் குள்ளனுக்குக் கால் வழுக்கியது. மெஷினின் அடி மூலை படியில் 'டங்'கென்று உட்கார்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். அம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். நெட்டையன் குனிந்து தடவினான். வண்ணம் ஓர் ஓரம் உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"சொல்லிடலாமா?" என்றான் குள்ளன்.

"வாயை மூடிட்டுத் தூக்கு."

மூன்றாம் நாள் மத்தியானம் சலூன் அம்மாவிடமிருந்து வீடியோ வந்தது. மெஷின் சாமி வந்ததுபோல் ஆடி, சுவரை விட்டு நகர்ந்து, நடு அறைவரை நடந்துபோய் முடிவெட்டும் நாற்காலியை இடித்து நின்றது. அதன் பின்னால் எழுத்து: 'நல்லா ஓடும்னு போட்டீங்க. இப்படி ஓடும்னு எனக்குத் தெரியாது. பணத்தைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன். உங்க சட்டையில கம்பெனி பேரைப் பார்த்தேன், அங்கேயும் சொல்லுவேன்.'

போலீஸைவிடக் கம்பெனியை நினைத்துத்தான் அவன் பயந்தான். சூப்பர்வைசர் சொல்வார்: "நம்ம கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போறாங்கடா. ஏமாத்துக்காரன்னு ஒருத்தன் வாயில வந்துட்டா, மறுநாள் நீ வரவேண்டாம்." போன வருஷம் ஒரு கைக்கடிகாரம் காணோம் என்று ஒருவனை நிறுத்தினார்கள். கடிகாரம் பிறகு சோபா இடுக்கில் கிடைத்தது. போனவனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நெட்டையனுக்கு வேறு வேலை தெரியாது.

"பழசுன்னு தெரிஞ்சுதானே வாங்கினா?" என்று மனைவி எகிறினாள். "நீ என்ன கடையா வச்சிருக்கே, கேரண்டி கொடுக்க? வாங்கினவ பாடு அது. பதிலே போடாதே."

அவனுக்கும் அப்படியே இருந்துவிடத்தான் ஆசை. ஆனால் கண்ணை மூடினால் அந்த 'டங்' கேட்டது. அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கோர்ட்டுக்குப் பின்னால் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் அறைக்குப் போனான். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபின் வக்கீலம்மா கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவன் போனில் விளம்பரத்தையும் வீடியோவையும் பார்த்தாள். மெஷின் நாற்காலியை இடித்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தாள்.

"நீங்க கடைக்காரர் இல்ல. வீட்டுப் பொருளை வித்திருக்கீங்க. அதனால, மனசு மாறிடுச்சு, பிடிக்கலைன்னு அவங்க திருப்பித் தர முடியாது. இந்த ஏழு கீறலைப் பத்தியும் வாயே திறக்க முடியாது, எல்லாத்தையும் காட்டிட்டீங்க. இவ்வளவு சுத்தமா விளம்பரம் போட்டவரை நான் பார்த்ததே இல்ல."

நெட்டையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆனா இந்த ஒரு வரி இருக்கே, 'நல்லா ஓடும்'. தனி ஆளா இருந்தாலும், சொன்ன மாதிரிதான் பொருள் இருக்கணும். ஓடலைன்னா நீங்க பதில் சொல்லணும். தெரிஞ்சே ஒரு குறையை மறைச்சிருந்தா, அது இன்னும் மோசம்." கண்ணாடியைக் கீழே இறக்கி அவனைப் பார்த்தாள். "எதையாவது மறைச்சீங்களா?"

"படத்துல எதையும் மறைக்கலைம்மா."

"நான் படத்தைக் கேட்கலை."

அவன் தரையைப் பார்த்தான். யாரிடமும் சொல்லாததை அவளிடம் கொட்டினான். படி, குள்ளன், டங், எல்லாம்.

வக்கீலம்மா திட்டவில்லை. "அதனாலதான் கெட்டுச்சான்னு தெரியுமா? மெஷினை நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

"பார்க்காமலே தண்டனையை வாங்கிக்கிட்டு வந்திருக்கீங்க. முதல்ல போய்ப் பாருங்க. பணம் கொடுக்கிறதா இல்லையாங்கிறது அதுக்கு அப்புறம்."

அங்கிருந்து நேரே சலூன். ஐந்தாவது படியை மிதிக்காமல் தாண்டினான்.

உள்ளே ஒரு வாடிக்கையாளர் அம்மா தலை முழுக்கச் சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள். சலூன் அம்மா கையுறையோடு திரும்பினாள்.

"வாங்க சார். மெஷினைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? கதவைத் திறந்துவிட்டா அதுவே நடந்து வந்திருக்குமே."

"அம்மா, ஒண்ணு சொல்லணும். தூக்கிட்டு வரும்போது படியில ஒரு இடி இடிச்சுது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்புதான்."

சாயம் பூசிய அம்மா கண்ணாடியில் அவனை நன்றாகப் பார்த்தாள்.

"இதை வந்து சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றாள் சலூன் அம்மா. "தைரியத்தை வச்சு நான் துண்டு துவைக்க முடியுமா?"

"ஒரு தடவை பார்த்துடறேம்மா. கெட்டிருந்தா நானே தூக்கிட்டுப் போறேன், பணமும் தரேன்."

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினான். அடி மூலையைத் தடவினான். வண்ணம் உதிர்ந்த இடம் தவிர ஒன்றுமில்லை. நிமிரும்போதுதான் முதுகுப் பக்கம் கண்ணில் பட்டது.

நான்கு போல்ட்டுகள். மூலைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இறுக முறுக்கப்பட்டு, தலை மட்டும் வெளியே தெரிந்தது. முறுக்கிய கை அவனுடையதுதான்.

மெஷினுக்குள் துணி சுற்றும் டிரம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் சாமான். வண்டியில் போகும்போது இடித்துக்கொள்ளாமல் இருக்க, பின்னாலிருந்து நான்கு போல்ட் போட்டு அதைப் பூட்டுவார்கள். ஓட்டுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்த அன்று பூட்டியது. சட்டைப் பித்தானை மாட்டுகிற மாதிரி, கை தானாகச் செய்த வேலை. கம்பெனியில் பூட்டுவது மட்டும்தான் இவர்கள் வேலை. கழற்றுவது, போன இடத்தில் மெஷினை மாட்ட வருகிற பிட்டர் பாடு. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட அவன் கழற்றியதில்லை.

நெட்டையன் மெஷின் மேல் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னாச்சு? ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க?" சலூன் அம்மா பயந்து ஒரு எட்டு பின்னால் போனாள்.

"இதைக் கையைக் காலைக் கட்டிப் போட்டு ஓடச் சொல்லியிருக்கோம்மா. அதான் குதிச்சிருக்கு. குழாய் மாட்டினவர் பார்க்கலையா?"

"அவர் குழாய் மட்டும்தான் மாட்டுவாராம். மத்ததெல்லாம் அவர் டிபார்ட்மென்ட் இல்லையாம்."

ஸ்பேனர் எப்போதும் அவன் பையில் இருக்கும். மூன்று போல்ட் சொன்னபடி வந்தன. நான்காவது மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டியது. கட்டோடு ஓடியதில் உள்ளே வேறெதுவும் உடைந்திருக்குமோ, அந்த இடியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம் இன்னும் பாக்கி. ஈரத் துண்டுகளைப் போட்டு, மெஷினைச் சுவரோடு சேர்த்து, பிழியும் பட்டனைத் தட்டினான்.

சலூன் அம்மா ஸ்டூலைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயக்கார அம்மா காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். டிரம் மெல்லச் சுற்றியது. வேகம் பிடித்தது. இன்னும் பிடித்தது. வண்டு ரீங்காரம்போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். மெஷின் நின்ற இடத்தை விட்டு நூல் அளவு நகரவில்லை.

சலூன் அம்மா ஸ்டூலை இறக்கினாள். போய் டீக் கப்பை எடுத்து வந்து மெஷின் மேல் வைத்தாள். டீ வட்டம் வட்டமாக நடுங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அட" என்றாள். சாயக்கார அம்மா காலை இறக்கினாள்.

"அந்த மெசேஜை எல்லாம் அழிச்சிடறேன்" என்றாள் சலூன் அம்மா, கொஞ்சம் கூச்சத்தோடு. "கோபத்துல போலீஸ் அது இதுன்னு எழுதிட்டேன்."

"அழிக்காதீங்க. அடியில, 'வந்து பார்த்தார், சரியாயிடுச்சு'ன்னு ஒரு வரி போடுங்க. அது போதும் எனக்கு."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அங்கேயே எழுதினாள். அவன் போன் சட்டைப்பையில் சிணுங்கியது. எடுத்து இரண்டு தடவை படித்தான். பிறகு மனைவிக்குப் போன் போட்டான். இந்தத் தடவை 'டங்'கையும் விடாமல் சொன்னான்.

"நாலு போல்டுக்காய்யா ரெண்டு நாளா வீட்டுல பேய் அறைஞ்ச மாதிரி திரிஞ்சே?" என்றாள் மனைவி. பிறகு குரல் இறங்கியது. "சரி, வேலை போகாதுல்ல?"

"போகாது."

"அப்ப வா. வந்ததும் முதல்ல அந்தக் குளியலறைக் கதவை அளந்து பார்த்து, உள்ள போற மாதிரி ஒண்ணு தேடு. கையால துவைச்சுத் துவைச்சு என் தோள் கழண்டு போச்சு."

போல்ட்டுகளைக் காகிதத்தில் சுற்றி, "அடுத்து வீடு மாத்தினா வேணும்" என்று சலூன் அம்மாவிடம் கொடுத்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். பையிலிருந்து காகித டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்து, வண்ணம் உதிர்ந்த அடி மூலையில் ஒட்டிப் படம் எடுத்தான். அவளுக்கும் அனுப்பினான்.

"இது எதுக்கு?" என்றாள்.

"எட்டாவதும்மா" என்றான். "ஏழுன்னு போட்டிருந்தேன்."